புதுத் துளை வேண்டாம்

மடியில் படுக்கவைத்து, தந்திமேல் உருக்கு உருளையை வழுக்கி வாசிக்கும் கிட்டாருக்குத்தான் ஸ்டீல் கிட்டார் என்று பெயர். பழைய ஸ்டீல் கிட்டார் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் திறந்து பார்ப்பது அதன் பெட்டிக்குள் இருக்கும் சின்ன அறையைத்தான். கிட்டாரின் கழுத்து படுக்கும் இடத்துக்கு அடியில், மூடி போட்ட ஒரு தடுப்பு இருக்கும். உள்ளே பெரும்பாலும் ஒரே மாதிரிச் சாமான்கள்: முலாம் தேய்ந்த ஓர் உருக்கு உருளை, விரலில் மாட்டி மீட்டும் தகட்டு நகங்கள், சுருட்டி வைத்த பழைய தந்தி, நாலாக மடித்த பாடத்தாள். தாளின் முகப்பில் தென்னையும் கடலும் நிலவும் அச்சாகியிருக்கும். உள்ளே எண்களால் எழுதிய பாடம். எந்தத் தந்தி, எந்தக் கோடு என்று. ஓரத்தில் டீச்சரின் பென்சில் குறி. தென்னை மரத்தை நேரில் பார்த்திராத ஒஹையோ மாநிலத்துப் பிள்ளை ஒன்று, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, மடியில் கிட்டாரைப் படுக்கவைத்து இந்தத் தாளைப் பார்த்து வாசித்திருக்கிறது. எந்தப் பாடத்தோடு நிறுத்தியது என்பதுகூடப் பென்சில் குறியை வைத்துத் தெரிந்துவிடும்.

நான் குடியிருப்பது அதே ஒஹையோவின் கிளீவ்லாந்துப் பக்கம். இந்த ஊருக்கும் ஸ்டீல் கிட்டாருக்கும் உள்ள உறவு வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஹவாயிலிருந்து ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தத் தொழில் நகரத்தில்தான் ஓவாஹு பப்ளிஷிங் கம்பெனி இருந்தது. ஹவாயன் கிட்டார் என்றும் சொல்லப்படும் ஸ்டீல் கிட்டாருக்கான பாடங்களை அச்சடித்து விற்பதுதான் அவர்கள் தொழில். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், பாடத்தோடு கிட்டாரையும் கொடுத்தார்கள். கிட்டாரை அவர்களே செய்யவில்லை. சிகாகோவில் கே, வால்கோ போன்ற தொழிற்சாலைகளில் செய்து வாங்கி, தங்கள் பெயரை ஒட்டினார்கள். 1930களிலும் 40களிலும் இப்படிப் போன கிட்டார்கள் இன்னும் இந்த வட்டார வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. பெரியவர்கள் காலமானதும் வீட்டுச் சாமான்களை மொத்தமாக விலைக்கு வைக்கும் எஸ்டேட் சேல் நடக்கும். தையல் மெஷினுக்கும் கண்ணாடிக் கிண்ணங்களுக்கும் நடுவே அந்தக் கறுப்புப் பெட்டி இருக்கும்.

எனக்கு இந்தக் கிட்டார்கள்மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணம் அவற்றின் அபூர்வம் இல்லை. அபூர்வமே இல்லாதவை இவை. படிக்கிற பிள்ளைக்காக, அப்பாவின் வாரச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும்படி செய்தவை. அதனால் இவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாசிக்கத்தான் வேண்டும். எண்பது வருஷத்துக் கிட்டாரை வாசிக்க வேண்டுமென்றால் சிலதை மாற்றத்தான் வேண்டும். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் கேள்வி. அதற்கு என்னிடம் உள்ள பதில் ஒன்றே ஒன்று: நான் செய்த எதையும் நாளைக்கு வேறொருவர் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் சால்டரிங் அயர்னையும் வைத்துக்கொண்டு திரும்பப் பழையபடி ஆக்க முடிய வேண்டும். உடம்பில் புதுத் துளை கூடாது, மரத்தை இழைக்கக் கூடாது, கழற்றியது எதையும் எறியக் கூடாது.

இதைத் தொல்பொருள்காரர்களின் கறார் என்று எண்ண வேண்டாம். மாற்றம் செய்வதற்கு நான் எதிரி இல்லை. சொல்லப்போனால் ஸ்டீல் கிட்டாரே ஒரு மாற்றத்தில் பிறந்ததுதான். ஓவாஹு தீவில் லாயி என்ற ஊரில் 1874-இல் பிறந்தவர் ஜோசப் கெகுகு. ஹொனலூலுவில் கமேஹமேஹா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1889 வாக்கில், ரயில் தண்டவாளத்தின் ஓரம் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துக் கிட்டார் தந்திமேல் வழுக்கிப் பார்த்தார் என்று அவரைப் பற்றிய கதை சொல்கிறது. கதை எப்படியோ, அதற்கப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். சாதாரணக் கிட்டாரில் தந்தி பலகைக்கு மிக அருகில் ஓடும். மேலே எதையாவது வழுக்கினால் பலகையில் குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளில் இடிக்கும். அதனால் தந்திகளை உயரத் தூக்கிக் கட்டினார். நரம்புத் தந்தியை எடுத்துவிட்டு உருக்குத் தந்தி போட்டார். வழுக்குவதற்குப் பள்ளிப் பட்டறையில் தனியாக ஓர் உருக்குத் துண்டைச் செய்துகொண்டார். இன்று கடையில் கிடைக்கும், தந்திகளைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு தகட்டு மேட்டைக் கிட்டாரின் தலைமாட்டில் செருகினால் எந்தக் கிட்டாரும் ஹவாயன் கிட்டார் ஆகிவிடும். எடுத்துவிட்டால் திரும்பவும் பழைய கிட்டார். வங்காளத்தில் எத்தனையோ வீடுகளில் ரவீந்திர சங்கீதம் வாசித்த ஹவாயன் கிட்டார்கள் இப்படித் தந்தி தூக்கிக் கட்டியவைதான். முதல் மாற்றமே திரும்ப எடுக்கக்கூடிய மாற்றம் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

அதற்கப்புறம் 1915-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் கண்காட்சியில் ஹவாய்ப் பந்தலின் இசையைக் கேட்டு அமெரிக்கா முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஹெர்மன் வைசன்போர்ன் ஹவாயில் வளரும் கோவா என்ற மரத்தில், கழுத்துவரை உள்ளே குடைந்த, உடம்பும் கழுத்தும் ஒன்றாய் ஓடும் கிட்டார்களைச் செய்தார். சத்தம் போதவில்லை என்ற குறை தீர, அதே ஊரில் ஜான் டோப்யேரா 1927-இல் மூன்று அலுமினியக் கூம்புகளை ஓர் உலோக உடம்புக்குள் வைத்து நேஷனல் ட்ரைகோன் கிட்டாரை உருவாக்கினார். அவரோடு இருந்த ஜார்ஜ் பியூசாம்ப் அதிலும் திருப்திப்படாமல் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கையில் எடுத்தார். 1932-இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் கம்பெனியின் 'ஃப்ரையிங் பேன்' பிறந்தது இப்படித்தான். வட்டமான சின்ன உடம்பு, நீளக் கழுத்து, முழுக்க வார்த்த அலுமினியம். மின் கிட்டார் என்று உலகம் இன்று கொண்டாடும் எல்லாவற்றுக்கும் மூத்தது மடியில் வைத்து வாசித்த இந்த ஹவாயன் கிட்டார். பியூசாம்புக்குக் காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது; அதற்குள் ஆளாளுக்கு மின் கிட்டார் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

ஆக, ஆளுக்கு ஆள் கை வைத்து வளர்ந்த வாத்தியம் இது. அப்படியிருக்க எனக்கு எங்கே வயிறு எரிகிறது என்றால், ஸ்டீல் கிட்டாரை ஸ்டீல் கிட்டாராக இல்லாமல் ஆக்கும் வேலைகளில்.

1950-க்குப் பிறகு ஹவாய் இசை மவுசு இழந்தது. நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் கிட்டாருக்கே கிராக்கி. நேஷனல், டோப்ரோ, மார்ட்டின், கிப்சன் எல்லோரும் 1920களிலும் 30களிலும் செய்த ஹவாயன் கிட்டார்கள் பாதி விலைக்குக் கூடப் போகவில்லை. சதுரக் கழுத்தை இழைத்து உருட்டினார்கள், உடம்பின்மேல் தந்தியைத் தாங்கும் பாலத்தின் பள்ளத்தை மாற்றி வெட்டினார்கள், கோடு போட்டிருந்த பலகையைப் பெயர்த்து மெட்டு அடித்தார்கள். ராய் ஸ்மெக் என்ற கலைஞரின் பெயரில் கிப்சன் செய்த மாடல்கள் எத்தனையோ இப்படி மாறிவிட்டன. மாற்றியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கிட்டார் வாசிக்கப்பட்டது, அருமையான பாட்டுகள் அதில் பிறந்தன. ஆனால் இழைத்த கழுத்து திரும்ப வளராது. அந்தச் சதுரக் கழுத்தின் கனம்தான் தந்தியின் ஒலி நிற்கும் நேரத்தை நீட்டிக் கொடுத்தது. அது போனது போனதுதான்.

இன்னொன்று இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. ஃபெண்டர் கம்பெனி 1949-இல் சாம்பியன் என்ற மலிவு விலை லேப் ஸ்டீலை, அதாவது மடியில் வைத்து வாசிக்கும் மின் ஸ்டீல் கிட்டாரை, கொண்டுவந்தது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் அதன் பிக்கப்பைத்தான் கொஞ்சம் மாற்றி அடுத்த வருஷம் தங்கள் முதல் நிமிர் கிட்டாருக்கு வைத்தார்கள். பின்னால் டெலிகாஸ்டர் ஆன அதே கிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் சாம்பியனை வாங்கிப் பிக்கப்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு உடம்பைத் தூக்கிப் போடுகிறார்கள். வால்கோ செய்த சூப்ரோ கிட்டார்களுக்கும் அதே கதி. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் ஒரு சூப்ரோ லேப் ஸ்டீலின் பிக்கப்பைத் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வைத்து வாசித்தது உலகப் பிரசித்தம். அவர் மகா கலைஞன், அவருக்கு அந்த ஒலி தேவைப்பட்டது. ஆனால் அவர் வழியில் போக நினைத்தவர்களால் எத்தனை சூப்ரோக்கள் வயிறு கிழிந்து கிடக்கின்றன! பிக்கப் இல்லாத உடம்பு, உடம்பில்லாத ட்யூனிங் கீகள், கீ இல்லாத தலை எனப் பகுதி பகுதியாக விலைக்கு வருவதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. அதே பிக்கப்பைப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். ஒரு வாத்தியத்தைக் கொன்றுதான் அந்த ஒலி வர வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை.

இப்படி வயிறு காலியான உடம்புகள் வந்தால் நான் வாங்கிவிடுவேன். மற்றவர்கள் சீண்டாத அவைதான் மாற்றியமைக்கத் தோதானவை. மூல பாகம் ஏற்கெனவே போய்விட்டது, எனவே பிக்கப்பிலும் வயரிங்கிலும் இஷ்டப்படி விளையாடலாம். முழுசாக இருக்கும் கிட்டாரில் விளையாடத்தான் கை கூசும்.

சரி, மேசைக்கு வருவோம்.

முதலில் அது என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்து லேப் ஸ்டீல்களில் மூன்று பொருள்கள் அடிக்கடி வரும்: மரம், பேக்லைட், மரத்தின்மேல் ஒட்டிய செல்லுலாய்டு. ரிக்கன்பேக்கர் 1935-இல் அலுமினியத்தை விட்டுப் பேக்லைட்டுக்கு வந்தது. காரணம், மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி ஓடியது. பேக்லைட் அவ்வளவு விரியாது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் வெள்ளை மரப்பலகைமேல் இருந்த வட்டக் கறுப்பு ஸ்விட்ச் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே பொருள், அதே கனம், அதே சில்லிப்பு. கட்டை விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கார்பாலிக் சோப்பு நெடி அடிக்கும். முத்துச்சிப்பி மாதிரி மினுக்கும் செல்லுலாய்டைத் தேய்த்தால் கற்பூர வாசனை. செல்லுலாய்டு செய்யும்போதே அதில் கற்பூரம் சேர்க்கிறார்கள். மூக்கால் பொருளைக் கண்டுபிடிப்பது எனக்கு இன்றுவரை அலுக்காத சந்தோஷம்.

செல்லுலாய்டிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நன்றாகத் தீப்பற்றும், சால்டரிங் அயர்ன் அதன் பக்கமே போகக்கூடாது. வயதாகும்போது சுருங்கி ஓரங்களில் எழும்பும். உள்ளிருந்து வரும் அமில வாடை பக்கத்தில் இருக்கும் உலோகத்தையெல்லாம் அரிக்கும். மூடிய பெட்டியில் வருஷக்கணக்கில் வைப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய கெடுதல். என் வீட்டில் அந்தக் கிட்டார்கள் வெளியே சுவரில்தான் தொங்குகின்றன. பேக்லைட் வேறு விதம். தீப்பிடிக்காது, அரிக்காது, ஆனால் விழுந்தால் கண்ணாடிதான். ஒருமுறை வெளியூரிலிருந்து எனக்கு வந்த ஒன்று, இரண்டு சுற்றுச் செய்தித்தாளோடு அனுப்பியதால், கழுத்தின் வேரில் விரிசலோடு வந்து சேர்ந்தது. ரிக்கன்பேக்கர் பேக்லைட்டின் கழுத்து போல்ட் போட்டு மாட்டியது, கழற்றலாம். கழற்றித் தனித்தனியாகச் சுற்றி அனுப்பினால் உலகின் எந்த மூலைக்கும் பத்திரமாகப் போகும். வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பின்மூடியைத் திறந்து வால்யூம் கன்ட்ரோலின் முதுகைப் பார்ப்பேன். அங்கே ஓர் எண் அடித்திருக்கும். 304 என்று தொடங்கினால் ஸ்டேக்போல் கம்பெனி, 137 என்றால் சி.டி.எஸ். அதற்கடுத்த எண்கள் வருஷமும் வாரமும். 304-க்குப் பின் 634 என்றிருந்தால் ஆறில் முடியும் வருஷத்தின் 34-வது வாரம். கிட்டாரின் தோற்றத்தைப் பார்த்து 1946-ஆ 1956-ஆ என்று தீர்மானிக்கலாம். அந்த உதிரி பாகம் செய்த வாரம்தான் அது, கிட்டார் அதற்குக் கொஞ்சம் பிந்தியிருக்கும். இந்த எண்ணுக்காகவே, கரகரக்கும் கன்ட்ரோலை நான் உடனே மாற்றுவதில்லை. சுத்தம் செய்யும் திரவத்தை உள்ளே விட்டுப் பல தடவை முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் சரிவராவிட்டால் புதியதைப் போட்டு, பழையதை ஒரு காகித உறையில் தேதி எழுதிப் பெட்டியின் சின்ன அறையில் வைப்பேன். பாடத்தாளோடு அதுவும் இருக்கட்டும்.

ட்யூனிங் கீகளின் பிளாஸ்டிக் குமிழ்கள் தொட்டால் உதிரும். இது எல்லாப் பழைய லேப் ஸ்டீலுக்கும் வரும் வியாதி. கீயையே மாற்றுவது சுலபம், ஆனால் புதுக் கீயின் ஸ்க்ரூத் துளைகள் பழைய துளைகளோடு ஒத்துப்போகாது. அதனால் குமிழை மட்டும் மாற்றுவேன். மிச்சமுள்ள பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுத்து, புதுக் குமிழைத் தண்டின் நுனியில் நேராகப் பிடித்து, தண்டை சால்டரிங் அயர்னால் சூடாக்கினால் குமிழின் உட்புறம் இளகித் தண்டை விழுங்கும். சரியான ஆழம் வந்ததும் அயர்னை எடுத்துவிட்டு, கை அசையாமல் ஆறும்வரை பிடிக்க வேண்டும். ஆறு குமிழும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் அமைந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு ருசிக்கும்.

பிக்கப்தான் உயிர். மல்டிமீட்டரில் சில ஆயிரம் ஓம் காட்டினால் நிம்மதி. ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. பிக்கப் சுற்ற வழக்கமாகப் பயன்படும் 42 கேஜ் கம்பியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. மூச்சு பட்டால் அசையும். ஆனால் உடனே முழுச் சுருளையும் வெட்டி எறியத் தேவையில்லை. பெரும்பாலும் அறுவது வெளி முனையில், வெளியே வரும் வயரோடு சால்டர் வைத்த இடத்தில். அங்கேதான் பச்சை பூத்திருக்கும். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெளிச்சுற்றில் சிலதை மட்டும் மெல்லப் பிரித்து, நல்ல கம்பி வந்ததும் அதன் வார்னிஷை நீக்கி மீண்டும் இணைத்தால் போதும். சில சுற்றுக் குறைவதால் ஒலியில் எந்த மாற்றமும் காதுக்குத் தெரியாது. உள்முனையில் அறுந்திருந்தால்தான் புதிதாகச் சுற்ற வேண்டும். அப்போதுகூடக் காந்தமும் அடித்தட்டும் பழையவையே.

ரிக்கன்பேக்கரின் குதிரை லாடப் பிக்கப்பில் இன்னொரு கவனம் வேண்டும். இரண்டு லாட வடிவக் காந்தங்கள் தந்திகளுக்கு மேலே வளைந்து நிற்கும், தந்திகள் நடுவே புகுந்து போகும். போருக்கு முந்தியவற்றில் காந்தத்தின் அகலம் ஒன்றரை அங்குலம், பிந்தியவற்றில் ஒன்றேகால். அகலமானதற்குத்தான் கிராக்கி. இவை பழைய உருக்குக் காந்தங்கள், நவீனக் காந்தம் மாதிரி முரடு இல்லை. கழற்றி வெறுமனே மேசையில் போட்டால் வலு இறங்கும். கழற்றும்போதே இரு முனைகளையும் சேர்த்து ஓர் இரும்புத் துண்டை வைத்துவிட வேண்டும். ஒலி சோர்ந்து போனவற்றுக்கு மறுபடி காந்தமேற்றலாம், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஏற்றிய பிறகு முதல் தந்தியை மீட்டும்போது வரும் அந்த ஒலி இருக்கிறதே, உருண்டையாக, அடியில் ஒரு கர்ஜனையோடு, மேலே பாகு மாதிரி... இதை எழுதும்போதே எழுந்துபோய் வாசிக்க வேண்டும் போலிருக்கிறது.

1930களின் சில கிட்டார்களில் இப்போதுள்ள ஜாக் இருக்காது; திருகி மாட்டும் மைக் இணைப்பான் இருக்கும். அதைப் பிடுங்கி, துளையைப் பெரிதாக்கி ஜாக் வைத்த கிட்டார்கள் ஏராளம். ஒரு முனையில் திருகும் இணைப்பானும் மறுமுனையில் சாதாரணப் பிளக்கும் உள்ள கேபிளை அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். கிட்டாரை மாற்றுவதைவிடக் கேபிளை மாற்றுவது எவ்வளவோ மேல்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பழமையை நான் மதிப்பதில்லை. கிட்டாரோடு ஜோடியாக வரும் பழைய ஆம்ப்ளிஃபையரின் இரண்டு முள் மின்வயர். பூமித் தொடர்பு கிடையாது. உள்ளே இருக்கும் ஒரு கப்பாசிட்டர் பழுதானால் ஆம்ப்ளிஃபையரின் உடம்பில் மின்சாரம் ஏறும், அங்கிருந்து தந்தி வழியாக வாசிப்பவரின் விரலுக்கு வரும். ஸ்டீல் கிட்டாரில் இரண்டு கையும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. மூன்று முள் வயரைப் போடு, அந்தக் கப்பாசிட்டரை எடு. பழைய மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். விலை குறையும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

காலால் மிதித்துத் தந்தியின் சுருதியை மாற்றும் பெடல் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் மாற்றியமைப்பின் உச்சம் அது. கலிஃபோர்னியாவின் டௌனியில் பட்டறை வைத்திருந்த பால் பிக்ஸ்பி 1948-இல் ஸ்டீல் கலைஞர் ஸ்பீடி வெஸ்டுக்குப் பெடல் வைத்த ஸ்டீல் செய்துகொடுத்தார். 1953-இல் பட் ஐசக்ஸ் என்ற இன்னொரு ஸ்டீல் கலைஞர் ஒரு பதிவில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து இரண்டு தந்திகளின் சுருதியை மட்டும் ஏற்றினார். உருளையை நகர்த்தினால் எல்லாத் தந்தியும் சேர்ந்து நகரும். இங்கே ஒன்று நிற்க மற்றது நகர்ந்தது. அதைக் கேட்ட ஒவ்வொரு ஸ்டீல்காரரும் தன் கிட்டாருக்குக் கிடைத்த கம்பியையும் நெம்புகோலையும் வைத்துப் பெடல் கட்டப் புறப்பட்டார். ஐசக்ஸ் ஒரே பெடலில் செய்ததை பட்டி எமன்ஸ் என்பவர் இரண்டாகப் பிரித்தார். இன்று நாஷ்வில்லில் கேட்கும் பெடல் ஸ்டீலின் அடிப்படை அதுதான். அவரும் ஷாட் ஜாக்சனும் சேர்ந்து தொடங்கியதுதான் ஷோ-பட் என்ற பெடல் ஸ்டீல் கம்பெனி. அந்தக் காலத்தில் வீட்டுப் பட்டறையில் பெடல் கட்டிய ஃபெண்டர் ஒன்று என் கைக்கு வந்தால் அந்தத் துளைகளை நான் அடைக்க மாட்டேன். அவையும் இப்போது வரலாறு. புதிதாக நான் போடும் துளைக்கு அந்த மரியாதை கிடையாது.

இனி நான் எனக்காகச் செய்துகொண்ட மாற்றம். கிளீவ்லாந்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது: 1978 முதல் இங்கே ஆண்டுதோறும் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. கோட்டுவாத்தியம் என்னும் சித்ரவீணையை நான் முதன்முதலில் அருகிலிருந்து கேட்டது தஞ்சாவூரில் இல்லை, இங்கேதான். மெட்டில்லாத பலகை, படுக்கவைத்த வாத்தியம், இடது கையில் கட்டை, தந்திமேல் வழுக்கல். சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் வளர்த்த அந்த வாத்தியத்துக்கும் என் மடியில் கிடக்கும் சிகாகோ கிட்டாருக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தாலும் கை செய்வது ஒன்றேதான். கெகுகுவுக்கு முன்பே ஹவாயில் கேப்ரியல் டேவியன் என்ற இந்தியர் இப்படித் தந்திமேல் வழுக்கி வாசித்தார் என்ற பேச்சும் நெடுநாளாக இருக்கிறது. எதிர்த்திசையில் போன வழி இன்னும் தெளிவு: பிரிஜ் பூஷண் காப்ரா ஹவாயன் முறைக் கிட்டாரில் இந்துஸ்தானி வாசித்தார், விஷ்வ மோகன் பட் அதில் தானாக அதிர்ந்து ஒலிக்கும் அனுசுரத் தந்திகளும் சேர்த்து மோகன வீணை ஆக்கினார், 1994-இல் ரை கூடரோடு சேர்ந்து கிராமி வாங்கினார்.

என்னிடம் வயிறு காலியாக வந்த வால்கோ ஒன்று இருந்தது. வழக்கமாக லேப் ஸ்டீலுக்கு சி6 சுருதி வைப்பேன். அடியிலிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. மேல் தந்தி 15 கேஜ், அடித்தந்தி 36 (தந்தியில் கேஜ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதில் ராகம் வாசித்தால் பக்கத்துத் தந்திகள் அந்நிய ஸ்வரமாக முனகும். எனவே அந்த வால்கோவை ச-ப-வுக்கு மாற்றினேன். மேலே இரண்டு தந்தியும் ஒரே ச, 17 கேஜ். அடுத்து ப, நடு ச, கீழ் ப, கடைசியில் மந்தர ச. அதற்கு 56 கேஜ் தந்தி தேவைப்பட்டது. தலைமாட்டு மேட்டின் பழைய வெட்டு அதற்குப் போதாது. அரத்தால் அகலப்படுத்த ஒரு நிமிஷம் போதும், ஆனால் அகலப்படுத்தவில்லை. மேட்டைக் கழற்றி அளவெடுத்து, மாட்டெலும்பில் புதிதாக ஒன்று அறுத்துப் பொருத்தினேன். பழையது பெட்டியின் அறையில்.

சித்ரவீணை தெரிந்த ஒரு மாமா ஆராதனை சமயத்தில் வீட்டுக்கு வந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டார். உருளையைக் கையில் எடுத்ததுமே, "ஏம்ப்பா, இவ்வளவு கனமா இருந்தா பிருகா எப்படிப் பேசும்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த இலேசான உருளையைக் கொடுத்தேன். தோடியில் காந்தாரத்தை அசைத்துப் பார்த்தார். தந்தி பலகையைத் தொடவில்லை, ஸ்வரம் சுத்தமாக நின்றது, பின்னால் வரும் விரல்கள் உருளைக்குப் பின்பக்க முனகலை அடக்கின. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் வாசித்தார். அப்புறம், "நாதம் நல்லா நிக்குது. ஆனா மேல் ஸ்தாயிக்கு இடம் போறலையே. கோடு நெருங்கிப் போயிடறது" என்றார்.

அவர் சொன்னது சரி. இருபத்திரண்டரை அங்குலத் தந்தி நீளத்தில் இரண்டாம் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் உருளை நகரும் தூரம் மிகக் குறைவு; சித்ரவீணையில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. நீளத் தந்திக் கிட்டார் வேண்டும். ரிக்கன்பேக்கர் தொடக்கத்தில் செய்த ஃப்ரையிங் பேன்களில் 25 அங்குல மாடல் ஒன்று உண்டு. ஃபெண்டரின் ஆரம்பகால ஸ்ட்ரிங்மாஸ்டர்களில் 26 அங்குலமும் வந்தது. முன்னதன் விலைக்கு நான் எட்ட மாட்டேன். பின்னதன் மூன்று கழுத்து மாடலைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். ஆனால் ஒரு கழுத்தில் சி6, இன்னொன்றில் ச-ப, மூன்றாவதில் பஞ்சம சுருதி என்று எந்த மாற்றமும் செய்யாமலே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கழுத்திலும் இரண்டு பிக்கப், இரண்டும் சேர்ந்தால் இரைச்சலை ஒன்றையொன்று தின்றுவிடும். பக்கத்து மாநிலத்தில் ஒருவர் ஒன்று வைத்திருக்கிறார். கால்கள் இல்லை, பெட்டி இல்லை, நடுக்கழுத்தில் ஒரு பிக்கப் செத்துவிட்டது என்கிறார். துளை எதுவும் போடவில்லை என்றும் சொல்கிறார். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன், மல்டிமீட்டரோடு.